பானுமதியின் சமையல்கட்டுச் சுவர்

மாமல்லபுரத்துக்கு வடக்கே, ஈ.சி.ஆர் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற குப்பத்தில் பானுமதியைத் தெரியாதவர் கிடையாது. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று ஒதுங்கிப் போனாலும் விடமாட்டாள், குரல் அப்படி. கரையில் மீன் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் படூர் அடுக்குமாடி வீடுகளுக்குக் கொண்டுபோய் விற்பது அவள் தொழில். ஐம்பது வயதை நெருங்குகிறாள். கணவன் சிங்காரம் பைபர் போட்டில் கடலுக்குப் போகிறவன். ஒரே மகன் வசந்த் சிறுசேரியில் ஒரு கம்பெனிக்குக் கார் ஓட்டுகிறான்.

இந்தக் குடும்பத்தில் பெரிய கதை என்று ஒன்றும் நடந்துவிடவில்லை. கோர்ட்டு, கேசு, வெட்டு, குத்து எதுவும் கிடையாது. சமையல்கட்டையும் குளியலறையையும் இடித்துக் கட்டினார்கள், அவ்வளவுதான். ‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்று சொன்னவர்கள் சுவருக்கு டைல்ஸ் தேர்வு செய்து பார்த்திருக்கமாட்டார்கள். பார்த்திருந்தால் அதையும் சேர்த்திருப்பார்கள்.

அவர்கள் வீடு சுனாமிக்குப் பிறகு வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்று. அதில் சமையலறை என்று ஓர் அறை இருந்தது. அதைக் கட்டியவர் ஆயுளில் மீன் வறுத்திருக்க வாய்ப்பில்லை. ஒருவர் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாது, புகை போக வழியும் இல்லை. குடிவந்த ஒரு மாதத்துக்குள் அந்த வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வந்துவிட்டார்கள். சமையலறைக்குள் வலையும் ஐஸ் பெட்டியும் குடியேறின.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பானுமதி வெளியில்தான் ஆக்கினாள். முதலில் மாமியார் வீட்டுக் கொட்டாயில், அப்புறம் இந்த வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சார்ப்பில். கடல் காற்று அடித்தால் குழம்பில் மணல் விழும். மழை வந்தால் ஒரு கையில் குடையும் ஒரு கையில் கரண்டியுமாக நிற்பாள். போகிற வருகிறவன் எல்லாம் சட்டியை எட்டிப் பார்த்து, “இன்னா பானு, சங்கராவா?” என்று கேட்டுவிட்டுப் போவான். கேட்டவனுக்கு ஒரு துண்டு கொடுக்காமல் இருக்க முடியாது. மற்ற பெண்கள் நகைக்கும் புடவைக்கும் ஆசைப்பட்டபோது இவளுக்கு இருந்தது ஒரே ஆசை. வீட்டுக்குள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு, மேடைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று மீன் குழம்பு வைக்க வேண்டும். அதை அவள் ஒளித்து வைக்கவும் இல்லை. “மனுசி மாதிரி நின்னு ஆக்கணும்யா ஒரு நாளாவது” என்று சிங்காரத்திடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவனுக்குக் கேட்டுக்கேட்டுக் காது புளித்துப் போயிருந்தது.

வசந்துக்கு வேலை நிரந்தரமானதும் பழைய சமையலறையையும் குளியலறையையும் இடித்து, வீட்டைப் பின்பக்கம் நீட்டிக் கட்டலாம் என்று முடிவாயிற்று. அச்சரப்பாக்கத்துக்காரர் கண்ணாயிரம் மேஸ்திரியாக வந்தார். சுவர் எழும்பி, மேடைக் கல் போட்டதும், “டைல்ஸ் இன்னா போடலாம்?” என்று கேட்டார். ஆண்கள் இருவரும் பானுமதியைப் பார்த்தார்கள். ஏதோ ஒன்று போடுங்கள் என்பாள் என்று நினைத்தார்கள். அவளோ அதை எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தாள்.

படூரில் மூன்றாவது மாடியில் ரேணுகா என்றொரு வாடிக்கைக்காரர். பானுமதி மனிதர்களை வாசற்கதவை வைத்து எடைபோடுகிறவள். பாதிக் கதவு திறந்து பையை வாங்குகிறவர், சங்கிலியை மாட்டிக்கொண்டே பேரம் பேசுகிறவர், மூக்கைப் பொத்திக்கொண்டு மீன் நல்லதா என்று கேட்கிறவர் எல்லாரையும் பார்த்தவள். ரேணுகா முழுக் கதவையும் திறப்பார். திறந்தால் ஹாலைத் தாண்டி நேரெதிரே சமையல்கட்டு தெரியும். அங்கே சுவர் முழுக்கச் செங்கல் வடிவத்தில் சின்னச் சின்ன வெள்ளைக் கற்கள், ஒன்றின் நடுவில் இன்னொன்று ஏறி உட்கார்ந்த மாதிரி ஒட்டியிருக்கும். வெயில் பட்டால் பளிச்சென்று இருக்கும். ரேணுகா பையை வாங்கிக்கொண்டு நேராக அந்தச் சமையல்கட்டுக்குள் நடந்து இடது பக்கம் திரும்பி மறைவார், பணத்தோடு திரும்பி வருவார். அந்த இடைவெளியில் பானுமதி வாசலில் நின்றபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறாள். உள்ளே போனதில்லை. வா என்று அவரும் சொன்னதில்லை, வரட்டுமா என்று இவளும் கேட்டதில்லை. மீன்காரிக்கு வாசல் போதும் என்பது இரண்டு பேருக்கும் பேசாமலே தெரிந்த விஷயம்.

“செங்கல்லு மாதிரி சின்னதா, வெள்ளையா கீதே, அதான் போடணும்” என்றாள்.

கண்ணாயிரம் தலையில் கை வைத்துக்கொண்டார். “யக்கா, சொன்னா கேளு. கல்லு ஒண்ணும் ஆவாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல வர்ற ஜாயிண்டுதான் பேஜாரு. இதுல ஜாயிண்டு அதிகம். மீன் கொழம்பு தெறிச்சா மஞ்சா உள்ள ஏறிக்கும். ரெண்டடிக்கு ஒரடின்னு பெரிய கல்லா, கொஞ்சம் டார்க்கா எடுத்துக்கினா நிம்மதி.”

“நீ எத்தினி வூடு பாத்துகீற மேஸ்திரி? நான் படூர்ல வாராவாரம் பாத்துகினு வரேன். அந்தம்மா ஒரு ஞாயித்துக்கெழம கூட வுடாம என்கிட்ட மீன் வாங்குது. வஞ்சிரம் வாங்குது, நண்டு வாங்குது. செவுரு பாலாட்டம் கீது. அவங்க வூட்டு மஞ்சத்தூளு இன்னா வெள்ளையாவா இருக்கும்?”

சாட்சி பலமாக இருந்தது. அவ்வளவு மீன் போகிற வீட்டில் சுவர் வெள்ளையாக இருக்கிறது என்றால், அந்தக் கல் மீனைத் தாங்கும். மீன் விற்கிறவளுக்கு இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? துணிக்கடைக்காரிக்கோ பூக்காரிக்கோ இந்தக் கணக்கு தோன்றியிருக்காது.

கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி ரோடு மேலேயே ஒரு பெரிய கடைக்கு மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு போனார்கள். டைல்ஸ் கடை என்பது ஒரு தினுசான இடம். ஒன்றைப் பார்க்கும் வரைக்கும் மனிதனுக்குப் புத்தி நன்றாக இருக்கும். நூறைப் பார்த்ததும் எல்லாமே ஒன்றுபோலத் தெரியும், அந்த நேரம் பார்த்து டீ கொடுப்பார்கள். பானுமதி டீயைத் தொடவில்லை. செங்கல் மாதிரி வெள்ளையில் வேண்டும் என்று கையால் அளவு காட்டினாள்.

“சப்வே டைல்ஸ் கேக்குறீங்க மேடம். இப்ப அதான் எல்லாரும் போடறாங்க” என்றான் விற்பனைக்காரன்.

“சப்வேன்னா மழை பேஞ்சா தண்ணி நிக்குற எடம்தான?” என்றான் சிங்காரம். யாரும் அவனைக் கண்டுகொள்ளவில்லை.

வெள்ளை என்று சொன்னது தப்பாகிவிட்டது. விற்பனைக்காரன் வெள்ளையிலேயே ஒரு மேசை நிறையப் பரப்பினான். தந்த நிறம், பால் நிறம், சுண்ணாம்பு நிறம், பளபளப்பு, மங்கல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொன்னான். வசந்த் எல்லாம் ஒண்ணுதான் என்றான். பானுமதி ஒவ்வொன்றாக எடுத்து வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“கணவாய உரிச்சா உள்ள ஒரு வெள்ள வரும் பாரு, அது” என்றாள். விற்பனைக்காரன் சிக்கன் மட்டும் சாப்பிடுகிறவன் போலிருக்கிறது, விழித்தான். கடைசியில் அவளே கண்டுபிடித்தாள். பெட்டியைத் திறக்கச் சொல்லி, மேலே இருந்த கல்லை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து இரண்டை உருவிப் பார்த்தாள். கரையில் கூடைக்கு மேலே நல்ல மீனை வைத்து அடியில் நைந்ததைத் தள்ளுகிறவர்களோடு காலம் தள்ளியவள். உலகத்தில் எந்தப் பெட்டியின் மேல்பக்கத்தையும் அவள் நம்புவதில்லை.

குளியலறைக்கு வசந்த் ஒன்று பார்த்து வைத்திருந்தான். நீலக் கடலில் இரண்டு டால்பின் துள்ளுகிற படம் போட்ட டைல்ஸ். அதைப் பார்த்ததும் சிங்காரத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “போன வாரம்தான்டா வலைய கிழிச்சிட்டுப் போச்சு இந்தச் சனியன். அதப் பாத்துகினே நான் குளிக்கணுமா?” என்றான். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் குளியலறைக்கும் அதே செங்கல் அளவுக் கல், பச்சை நிறத்தில், என்று முடிந்தது. அந்தக் குடும்பத்தில் அன்றைக்கு எல்லாருக்கும் சம்மதமான விஷயம் அது ஒன்றுதான்.

கிளம்பும்போது கண்ணாயிரம் கடைசியாக ஒரு முறை சொல்லிப் பார்த்தார். ஜாயிண்டுக்கு எபாக்ஸி என்று ஒன்று இருக்கிறது, அதை அடைத்தால் கறை ஏறாது என்றார். அதன் மாதிரியைப் பார்த்த பானுமதி, அது கண்ணாடி மாதிரி மினுக்குகிறது, படூரில் சாதாரண வெள்ளைதான், எனக்கும் அதுதான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிறவளிடம் யார் பேசுவது? மேஸ்திரி சாதாரண வெள்ளையையே வாங்கிப் போட்டார்.

ஒட்டும்போது அவர் முணுமுணுத்துக்கொண்டேதான் ஒட்டினார். ஒவ்வொரு வரிசையிலும் மூலைக்கு மூலை கல்லை அறுக்க வேண்டியிருந்தது. ஆனால் முடிந்தபோது அழகாக இருந்தது என்பதை அவரும் ஒத்துக்கொண்டார். வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். ஒருத்தி சுவரைத் தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொட்டாள். பால் காய்ச்சிக் கொடுத்தார்கள்.

மறுநாள் பானுமதி கடற்கரையிலிருந்து கானாங்கத்தை எடுத்து வந்தாள். குளியலறையில் குளித்தாள், சமையல்கட்டுக் கதவைச் சாத்தினாள், நிமிர்ந்து நின்று குழம்பு கூட்டினாள். மணல் விழவில்லை. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே காற்று வந்தது, அடுப்பு அணையவில்லை. அன்று அவள் சந்தோஷமாக இருந்தாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. குழம்பு கொதிக்கும்போது தனக்குத்தானே சிரித்தாள் என்று அவளே பின்னால் சொன்னாள்.

மீன் வறுக்கும்போது எண்ணெய் தெறித்தது. துணியை நனைத்துத் துடைத்தாள். கல் பளிச்சென்று ஆனது. நடுவில் இருந்த கோடுகள் ஆகவில்லை. அடுத்த வாரத்துக்குள் அடுப்புக்குப் பின்னால் சுவர் கட்டம் போட்ட மஞ்சள் கைலி மாதிரி ஆகிவிட்டது. எலுமிச்சம்பழம் தேய்த்தாள், சோடா உப்பு போட்டாள், பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு கோடாகச் சுரண்டினாள். பிளீச்சிங் பவுடரைப் போட்டபோது கை எரிந்ததே தவிர மஞ்சள் போகவில்லை. குளியலறை மட்டும் போட்டது போட்டபடி இருந்தது. அங்கே யாரும் குழம்பு வைப்பதில்லை.

“நான் அப்பவே சொன்னேன்” என்றான் சிங்காரம். அவன் அப்போது சப்வேயைப் பற்றியும் டால்பினைப் பற்றியும்தான் சொன்னான்.

வசந்த் நல்லவன், அம்மாவிடம் குரலை உயர்த்தமாட்டான். “எம்மா, இவ்ளோ ஆசையா போட்டுக்கீற. ஏன் பாழாக்கிக்கினு? மீன மட்டும் வெளிய வச்சிக்கோ. சோறு, டீ, இட்லி எல்லாம் உள்ள பண்ணு. மேஸ்திரிய வுட்டு ஜாயிண்ட சுரண்டி மறுபடி வெள்ளை அடைச்சிடலாம்” என்றான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் மீன் இல்லாத சமையல் என்றால் வெந்நீர் மட்டும்தான்.

அவள் சண்டை போடுவாள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். போடவில்லை. மகன் பின்பக்கம் தகரம் இறக்கி அடுப்பையும் சிலிண்டரையும் வெளியே வைத்துக் கொடுத்தான். மேஸ்திரி வந்து கோடுகளைச் சுரண்டி வெள்ளை அடைத்துவிட்டுப் போனார். பானுமதி பழையபடி வெளியே நின்று ஆக்கினாள். போகிறவன் வருகிறவன் எல்லாம் பழையபடி, “இன்னா பானு, சங்கராவா?” என்றான். உள்ளே வெள்ளைச் சுவர் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டு, எப்படி இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சிங்காரம் பெருமையாகத் தலையாட்டினான்.

அவள் சண்டை போடாததற்குக் காரணம் இருந்தது. கல் மேல் தப்பில்லை என்று அவள் நம்பினாள். படூரில் அதே கல், அதே வெள்ளை, அதே மீன். அங்கே மஞ்சள் ஏறவில்லை, இங்கே ஏறுகிறது என்றால் வித்தியாசம் சமைக்கிறவள் கையில்தான் இருக்க வேண்டும். “எனக்கு சுத்தமா ஆக்கத் தெரிலய்யா. வெளியவே கெடந்து கெடந்து அப்டி ஆயிட்டேன்” என்று ஒரு நாள் சிங்காரத்திடம் சொன்னாள். ஊரையே வாயால் கட்டி ஆண்டவள் இப்படிச் சொன்னது அவனுக்கு என்னவோ போல் இருந்தது. ஆறுதல் சொல்லி வழக்கமில்லாதவன், வலையைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படூரில் ரேணுகாவின் கதவு திறந்ததும் பானுமதி பையை நீட்டவில்லை.

“மேடம், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? உங்க செவுத்த எத வச்சு தொடைக்கிறீங்க?”

ரேணுகாவுக்குப் புரியவில்லை. பானுமதி சமையல்கட்டைக் கையால் காட்டி, தன் வீட்டிலும் அதே கல் போட்டதையும், மஞ்சள் ஏறியதையும், சுரண்டியதையும் வாசலில் நின்றபடியே சொன்னாள். ரேணுகா கேட்டுவிட்டுச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை.

“அட, உள்ள வாங்கம்மா. வந்து பாருங்க.”

செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மிதியடியில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, பானுமதி முதல் தடவையாக அந்த ஹாலைக் கடந்தாள். சமையல்கட்டுக்குள் போய்ச் சுவர் அருகில் நின்றாள். விரலால் ஒரு கோட்டைத் தடவிப் பார்த்தாள். கொஞ்சமும் கறை இல்லை. அடுப்பு, கடையில் வைத்தது போல இருந்தது.

“இங்க நாங்க நான்வெஜ் பண்றதே இல்லம்மா. வாசன ஹால் பூரா வந்துடும், செவுரும் போயிடும். எங்க வீட்டுக்காரர் முன்னாடியே சொல்லிட்டார். அதெல்லாம் பின்னாடிதான்” என்று ரேணுகா இடது பக்கம் இருந்த கதவைத் திறந்தார்.

கம்பி போட்ட குறுகலான பால்கனி. வாஷிங் மெஷின், துடைப்பம், காலி பெயின்ட் டப்பா, நடுவில் ஒரு பழைய அடுப்பு. சுவரில் டைல்ஸ் இல்லை. எண்ணெயும் புகையும் படிந்து கறுத்திருந்தது, அதற்கு மேல் மஞ்சள் தெறித்திருந்தது. வெயில் நேராக முகத்தில் அடித்தது.

“ஞாயித்துக்கெழம வந்தா நான் இங்கதான் நின்னு வேகுறேன்” என்றார் ரேணுகா, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. “ஆசையா போட்ட கிச்சன். அதுல டீ போடுறதோட சரி.”

பானுமதி மீனைக் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அன்று மீதி வீடுகளுக்குப் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கூடையை இறக்கிவிட்டு நேராகப் பின்பக்கம் போனாள். தகரத்துக்கு அடியில் இருந்த அடுப்பைத் தூக்கினாள். வலை பிரித்துக்கொண்டிருந்த சிங்காரம் எழுந்து வந்தான்.

“இன்னாடி பண்ற? எங்க எடுத்துகினு போற?”

“உள்ள.”

“செவுரு இன்னாவறது? மேஸ்திரி இப்பதான் அடைச்சிட்டுப் போயிருக்காரு. மறுபடி மஞ்சாவாயிடாதா?”

“ஆவட்டும்.” அவள் அடுப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் பழைய குரல். “அவ்ளோ பெரிய வூடுய்யா. அந்தம்மா வெளிய வெயில்ல நின்னு ஆக்குது. இத்தினி வருசமா நான் வாசல்ல நிக்கிறேன், என் மீனாவது உள்ள போச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன். அதுவும் போவல. உள்ள செவுரு மட்டும் நிக்குது, ஜம்முன்னு. என் வூட்ல நான்தான் உள்ள நிப்பேன். செவுத்துக்குப் புடிக்கலன்னா அது வெளிய போவட்டும்.”

சிங்காரம் அவளைப் பார்த்தான். பிறகு குனிந்து ரெகுலேட்டரைக் கழற்றினான். சிலிண்டரைச் சாய்த்து உருட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் உள்ளே போனான்.